நிறம் கேட்போர்

ஒரு சிறிய வீட்டின் கூடத்தில் தந்தை அமர்ந்திருக்கிறார். காப்பியில் ஊற்றப் பால் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. தமக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் இந்நிலை வந்திராதே என்று ஏங்குகிறார். அச்சொல் மகளின் காதில் விழுகிறது. அவள் மாநிறத்தவள். முகப்பூச்சு ஒன்றை வாங்கிப் பூசுகிறாள். முகம் படிப்படியாக வெளுக்கிறது. விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது. முடிவில் பெற்றோரை உயர்தர உணவகமொன்றிற்கு அழைத்துச் சென்று காப்பி வாங்கித் தருகிறாள். 2000-களின் தொடக்கத்தில் இந்தியத் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பான 'ஃபேர் அண்ட் லவ்லி' விளம்பரங்களுள் இது ஒன்று. இன்றைய நடுத்தர வயதினர் பலருக்கு இது நினைவிருக்கும்.

அரபு இலக்கியமும் மன்திக் எனும் தர்க்கமும் கற்பிப்பது நமது தொழில். ஒரு கஸீதாவைப் பாடமாக எடுத்தால், கவிஞன் என்ன சொன்னான் என்பதோடு எதைச் சொல்லாமல் விட்டான் என்பதையும் மாணவர்களிடம் கேட்பது வழக்கம். அதே கேள்வியை இவ்விளம்பரத்திடம் கேட்டுப் பார்த்தோம். இதில் எவரும் அப்பெண்ணைக் கருப்பி என்று ஏசவில்லை. அழகற்றவள் என்று சொல்லவில்லை. தந்தையின் குறை மகன் இல்லை என்பதே. மகன் இல்லாக் குறைக்கும் மகளின் நிறத்திற்கும் தர்க்க முறையில் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் பார்க்கின்ற எவருக்கும் கதை தடையின்றிப் புரிந்துவிடுகிறது. தர்க்கத்தில் சொல்லாது விடப்படும் முகத்திமா, அதாவது முன்வைப்பு, ஒன்று உண்டு. கேட்பவன் அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவன் என்று தெரிந்தால் பேசுபவன் அதை விட்டுவிடுவான். 'கருத்த மகள் வீட்டுக்குப் பாரம்' என்பதே இங்கு விடப்பட்ட முகத்திமா. அதை நிரப்பிக் கொடுத்தவர் பார்வையாளர், அதாவது நாம்.

ஊடகங்கள் பெண்களின் மனத்தைக் கெடுத்துவிட்டன என்று மேடைதோறும் முழங்குகிறோம். அக்கூற்றில் உண்மை இருக்கிறது. எனினும் விளம்பரக்காரன் இக்கருத்தைப் புதிதாகப் படைத்தான் என்பதைவிட, நம் கூடங்களில் நடப்பதைக் கூர்ந்து கவனித்து அதற்கு விலை வைத்தான் என்பதே பொருத்தம். 1919-இல் மும்பையில் பாட்டன்வாலா என்ற முஸ்லிம் வணிகர் 'ஆப்கான் ஸ்னோ' எனும் முகப்பூச்சை வெளியிட்டார். நம் பாட்டிமார் எந்த முகப்பூச்சையும் 'ஸ்னோ' என்றே அழைத்தனர். பனியின் நிறமே பொருளின் பெயராயிற்று. 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது 1975-இல். அதன் பெட்டியில் கருமையிலிருந்து வெண்மை வரை முகங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும்; நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டையும் உண்டு. துணிக்கடையில் சாயம் ஒப்பிடுவதைப்போல ஒரு சிறுமி தன் கன்னத்தருகே அட்டையைப் பிடித்துத் தான் எந்தப் படியில் நிற்கிறாள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் விளம்பரங்கள் இதற்காக ஒரு சொல்லையும் நிலைநாட்டின: சிவப்பழகு. சிவப்பினால் வரும் அழகா, சிவப்பே அழகா என்று பிரித்துக் கேட்க இடம் தராத தொகை அது. தமிழின் பழஞ்சொற்களோ வேறு கதை சொல்கின்றன. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் மினுமினுப்புள்ள அடர்நிறம் என்பர். கருநிறத்தாளை மாயோள் என்று அழைப்பது அங்கே புகழ்ச்சி. தலைவன் பிரிந்தால் அம்மாமை கெட்டு உடல் வெளிறும். அதற்குப் பசலை என்று பெயர். திருக்குறளின் 119-ஆம் அதிகாரம் முழுவதும் அவ்வெளிறலின் துயரையே பேசுகிறது. முன்னோர் நோயென்று கருதிய வெளிறலைப் பிற்காலத்தார் காசு கொடுத்து வாங்கினர். இந்த மாற்றத்துக்குக் காலனி ஆட்சி மட்டுமே காரணம் என்போருண்டு. வெயிலில் உழைப்போரின் நிறத்தை நிழலில் இருப்போர் இழிவாகப் பார்த்த வரலாறு அதனினும் பழையது என்றே நமக்குத் தோன்றுகிறது. சாதியையும் இதிலிருந்து பிரிக்க இயலாது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 2002-இல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இவ்விளம்பரங்களுக்கு எதிராக இயக்கம் நடத்தித் தேசிய மனித உரிமை ஆணையம் வரை சென்றது. 2003-இல் ஒன்றிய அரசு இரண்டு விளம்பரங்களைத் தடை செய்தது. சென்னையில் கவிதா இம்மானுவேல் தோற்றுவித்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகமானார். கருநிறத்தோரைத் தாழ்ந்தவராகவும் வாழ்வில் தோற்றவராகவும் காட்டலாகாது என்று 2014-இல் விளம்பரத் தர நிர்ணயக் குழு விதி வகுத்தது. இதற்கிடையே 2005-இல் ஆண்களுக்கென்றும் ஒரு வெண்மைப் பூச்சு வந்துவிட்டது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். ஆயினும் மணமகனின் நிறத்துக்காக முறிந்த சம்பந்தம் ஒன்றையும் நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

2020-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் காவலரால் கொல்லப்பட்டதை அடுத்து உலகெங்கும் நிறவெறி பற்றிய பேச்சு எழுந்தது. அவ்வலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் வெண்மைப் பூச்சு வகைகளை நிறுத்திக்கொண்டது. இணையவழித் திருமணத் தகவல் மையமான ஷாதி.காம், நிறத்தைக் கொண்டு வரன் சலிக்கும் வசதியை நீக்கியது. இந்துஸ்தான் யூனிலீவரோ பெயரை மட்டும் மாற்றியது: 'க்ளோ அண்ட் லவ்லி'. வெண்மை போய் ஒளிர்வு வந்தது. பெட்டியிலிருந்த இரு முகங்களையும் நிற அட்டையையும் 2019-இலேயே அகற்றிவிட்டதாக அந்நிறுவனம் கூறியது. குழாயைப் பிதுக்கினால் வருவது பெரும்பாலும் பழைய வாக்குறுதியே. பொருள் மாறாமல் பெயர் மட்டும் மாறினால் சட்டம் மாறாது என்பது ஃபிக்ஹு மாணவர் அறிந்த விதி.

இவ்விமர்சனத்தில் நாம் அதிகம் தங்க விரும்புவது வேறோர் இடத்தில். அதே யூனிலீவரின் மற்றொரு பொருள் டவ் சோப்பு. 2004-இல் டவ் 'உண்மை அழகு' என்ற பெயரில் பேரியக்கமாக ஒரு விளம்பரத் தொடரைத் தொடங்கியது. பருத்தவர், முதியவர், மச்சமுள்ளவர் எனச் சாதாரணப் பெண்களைக் காட்டி, நீ இருக்கும்படியே அழகு, உன்னை நீ ஏற்றுக்கொள் என்றது. ஒரு கை கருத்த பெண்ணிடம் நீ போதாது என்று வெண்மைப் பூச்சை விற்றது; மறு கை உன்னை ஏற்றுக்கொள் என்று சோப்பை விற்றது. இரண்டின் வருவாயும் ஒரே கல்லாவிற்குச் சென்றது. இதைப் பாசாங்கு என்று கண்டிப்பது எளிது; பலர் கண்டித்துமிருக்கின்றனர். நமக்குப் படும் குறை அதனினும் ஆழமானது. நிறுவனம் பாசாங்கின்றி மெய்யாகவே சொன்னாலும் 'உன்னை ஏற்றுக்கொள்' என்ற அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது? காயம் பட்டவளுக்கு. காயப்படுத்தியவரிடம் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. இருபது வீட்டார் வந்து பார்த்து, பலகாரம் உண்டு, ஊர் போய்ச் சேர்ந்தபின் 'பொண்ணு நிறம் கம்மி' என்று சொல்லியனுப்புகின்றனர். அவள் கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ள வேண்டுமாம். தீர்ப்பும் அவள்மேல், அதைத் தாங்கும் பயிற்சியும் அவள்மேல்.

இதை நாம் நூலில் படித்து உணரவில்லை. நாம் பாடம் நடத்தும் பெண்கள் அரபுக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் எழுத்து மூலம் ஒரு மார்க்க விளக்கம் கேட்டார். முகத்தை வெண்மையாக்கும் பூச்சைப் பூசலாமா என்பதே கேள்வி. விரிவாகவே விடை எழுதினோம். இறைவனின் படைப்பை மாற்றுதல் பற்றிய விவாதத்தையும், பச்சை குத்துதலும் அழகுக்காகப் பல்லை அராவுதலும் கண்டிக்கப்பட்ட ஹதீஸ்களையும் எடுத்துக்காட்டினோம். மருதாணி, சுர்மா போன்ற நிலையற்ற அலங்காரத்துக்கும் நிலையான மாற்றத்துக்கும் அறிஞர்கள் காணும் வேறுபாட்டையும், உடலுக்குத் தீங்கு தருவது எப்பெயரில் வந்தாலும் கூடாது என்ற பொதுவிதியையும் சேர்த்து நான்கு பக்கம் எழுதினோம். நல்ல விடை என்று நமக்குள் ஒரு நிறைவும் இருந்தது. மறுவாரம் பாடம் முடிந்தபின் அம்மாணவி திரைக்கு அப்பாலிருந்து கேட்டார்:

"ஹஜ்ரத், பூசக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிட்டீங்க. பெண் பார்க்க வர்றவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. அஸ்ருக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டோம்.

அவர் பூசிவந்தது விளம்பரத்தில் வரும் பொருளன்று. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த, தயாரித்தவர் பெயரில்லாத ஒரு டப்பா என்பது பின்னரே தெரிந்தது. இதை அறியும் எவரும் அஞ்ச வேண்டும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில், சிறுநீரில் புரதம் வெளியேறும் அரிதான சிறுநீரக நோயுடன் வந்தோரில் பலர் இத்தகைய வெண்மைப் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023-இல் வெளியாயிற்று. பூச்சுகளில் பாதரசம் இருந்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தையும் தாக்கும். வெயிலிலிருந்து தோலைக் காக்கும் கவசம் மெலனின். அக்கவசத்தைக் கழற்ற நஞ்சை விலைக்கு வாங்குகின்றனர். மலப்புறம் எத்தகைய மாவட்டம் என்று நாம் சொல்லத் தேவையில்லை. வளைகுடாப் பெட்டிகள் வந்திறங்கும் நம் கடற்கரை ஊர்களிலும் அந்த டப்பாக்கள் உண்டு.

மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். நமது பழைய நூல்களில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்று தேடினோம். பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் (இறப்பு ஹிஜ்ரி 255) வெண்ணிறத்தார்மீது கருநிறத்தாருக்குள்ள பெருமைகளைப் பேசும் ஒரு நூலே எழுதியுள்ளார். அவரும் தோற்றத்துக்காகக் கேலி செய்யப்பட்டவர். பிதுங்கிய விழிகளைச் சுட்டிய பட்டப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. பக்தாதின் இப்னுல் ஜவ்ஸீ (இறப்பு ஹிஜ்ரி 597) 'தன்வீருல் கபஷ்' என்ற நூலைக் கருநிறத்தார், அபிசீனியர் ஆகியோரின் சிறப்புகள் குறித்து இயற்றினார். சிறந்த அபிசீனியர் சிலர் தம் நிறத்தை எண்ணி உள்ளம் உடைந்திருக்கக் கண்டதாகவும், மதிப்பு நற்செயலுக்கே அன்றி உருவத்துக்கு அன்று என்று அவர்களுக்கு உணர்த்தவே இதை எழுதியதாகவும் முன்னுரையில் கூறுகிறார். படிக்கையில் நெஞ்சு நெகிழ்கிறது. மேதையின் கருணையில் ஐயமில்லை. ஆனால் அந்நூலும் உள்ளம் உடைந்தோரை நோக்கியே பேசுகிறது. அவர்களின் உள்ளத்தை உடைத்த பக்தாத் நகரத்தாருக்கு அவர் தனியே ஒரு நூல் எழுதியதாக நாம் அறியோம். எண்ணூறு ஆண்டுக்குப்பின் ஒரு சோப்பு விளம்பரத்தில் கண்ட குறையை நாம் மதிக்கும் இமாமின் நூலிலும் காண நேர்ந்தது சற்று வருத்தம் தந்தது.

நம் மேடைப் பேச்சாளர்களையும் இங்கே விட்டுவிடலாகாது. சொர்க்கத்து ஹூர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சிலர் வெள்ளை வெளேரென்ற மேனியைக் கால்மணி நேரம் வருணிக்கின்றனர். ஹூர் என்பதன் வேர்ச்சொல்லான ஹவர், விழியின் வெண்மை மிக வெண்மையாகவும் கருமணி மிகக் கருமையாகவும் இருப்பதைக் குறிக்கும் என்பர் அகராதியாளர். வெண்மை என்று மட்டும் பொருள் கொண்ட உரையாசிரியர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரு நிறமும் சேர்ந்த ஓர் அழகிலிருந்து கருமையை மட்டும் நீக்கி மொழிபெயர்ப்பவர் எந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்? பெண்கள் பகுதியில் அமர்ந்து அதைக் கேட்கும் சிறுமி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள மாட்டாளா? மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அத்தாட்சி என்று சொல்லும் 30-ஆம் அத்தியாயத்தின் 22-ஆம் வசனம், அவ்வத்தாட்சி அறிவுடையோருக்கு உரியது என்று முடிகிறது. அங்குள்ள அரபுச் சொல் 'ஆலிமீன்'. நம் பெயர்களுக்கு முன் நாம் போட்டுக்கொள்ளும் அதே சொல்.

ஃபிக்ஹு நூல்கள் இவ்விடத்தில் மேடைப் பேச்சை விடத் தெளிவாக இருக்கின்றன. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான தோற்றத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு சொல்லால் சுட்டியபோது, அச்சொல்லைக் கடல்நீரில் கலந்தால் கடலும் கெடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவுசெய்துள்ளனர். உருவத்தைக் குறைத்துச் சொல்வது புறம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திருமண ஆலோசனை இதற்கு விலக்கு ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். ஆம், புறம் பேச அனுமதியுள்ள ஆறு இடங்களுள் அதையும் இமாம் நவவீ கூறுகிறார். இவ்வுறவு ஏற்றதன்று என்ற அளவில் சொன்னால் போதுமாயின் அதற்குமேல் குறையை விவரிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அவரே வைக்கிறார். தவிர, விலக்கு குறைகளுக்கு உரியது. நிறம் ஒரு குறையா? திருமணத்தை முறிக்கத் தகும் குறைகள் எவை என்று ஷாஃபிஈ நூல்கள் எண்ணி எழுதியுள்ளன: பைத்தியம், தொழுநோய், வெண்குட்டம், இல்லறத்தைத் தடுக்கும் உடற்குறைகள். கருமை அப்பட்டியலில் இல்லை. நான்கு மத்ஹபுகளில் எதிலும் இல்லை.

மணம் பேசும்போது பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஹதீஸையும் சிலர் துணைக்கு அழைப்பர். மணக்கப்போகும் ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே இணக்கம் பிறப்பதற்கான அனுமதி அது. அவன் பார்க்கலாம், அவளும் பார்க்கலாம். மாமியாரும் நாத்தனார்களும் அண்டை வீட்டாரும் வேனில் வந்திறங்கி, சன்னல் ஓரம் உட்காரவைத்து, துப்பட்டாவை விலக்கிக் கழுத்தின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றுதானா என்று சோதிப்பதற்கு அதில் இடமில்லை. பெண்ணைப் பொருளுக்காகவும் குலத்துக்காகவும் அழகுக்காகவும் மார்க்கத்துக்காகவும் மணக்கின்றனர் என்று எண்ணி, நான்காவதைத் தெரிவுசெய்யச் சொல்லும் ஹதீஸ் நம் நிக்காஹ் சபைகளில் தவறாமல் ஓதப்படுகிறது. ஓதப்படும் வேளையில் மற்ற மூன்றையும் வைத்துப் பேச்சு முடிந்திருக்கும்.

இவ்வளவும் எழுதியபின் நம்மைப் பற்றியும் ஒன்று எழுதியாக வேண்டும். ஊரில் வரன் தேடுவோர் ஹஜ்ரத்திடம் வருவது வழக்கம். இருபது ஆண்டுக்கும் மேலாக வரன் குறிப்புகளை நம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெயர், வயது, படிப்பு, தந்தையின் தொழில், அடுத்து நிறம். 'நல்ல நிறம்' என்று எழுதியிருக்கிறோம். கருத்த பெண்ணுக்கு 'மாநிறம்' என்று எழுதியிருக்கிறோம்; அதைப் பரிவு என்று கருதினோம். கருமையை மறைக்க வேண்டிய ஒன்றென்று நாமும் நம்பியதால்தான் அந்தப் பொய் நமக்குப் பரிவாகத் தோன்றியது. அம்மாணவியின் குறிப்பையும் நாமே எழுதியிருந்தோம். கேள்வி கேட்டபோது அது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றளவும் கேட்டுக்கொள்ளத் துணிவில்லை.

ஜமாஅத்தின் திருமணப் பதிவுப் படிவத்தில் 'நிறம்' என்ற கட்டத்தை எடுத்துவிடலாம் என்று சென்ற ஆண்டு நிர்வாகக் கூட்டத்தில் சொன்னோம். செயலாளர் நல்லவர், நகைத்துக்கொண்டே, "கட்டத்தை எடுத்துடலாம் ஹஜ்ரத், ஃபோன் போட்டுக் கேப்பாங்களே" என்றார். கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது பற்றி அரைமணி நேரம் பேச்சு நடந்தது. பேசிய எவருக்கும், நாம் உட்பட, கேட்காதீர்கள் என்று அவர்களிடமே சொல்லலாம் என்பது கடைசிவரை தோன்றவில்லை. இரவு வீடு திரும்பிய பிறகுதான் அது உறைத்தது. காலையில் பள்ளி அலுவலகத்துக்குச் சென்று, அச்சடித்து வைத்திருந்த படிவக் கட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்தக் கட்டத்தை மையால் அடித்துக் கொடுத்தோம். நூற்றுக்கும் மேற்பட்டவை இருந்தன. அதன்பின் நம்மிடமே தொலைபேசியில் நிறம் கேட்டோர் மூவர். அது இங்கே சொல்லப்படுவதில்லை என்றோம். ஒருவர் சினந்து வைத்துவிட்டார். ஒருவர் வரன் வேண்டாம் என்றார். மூன்றாமவர் ஒரு பெண்மணி. சற்று நேரம் பேசாதிருந்து, பிள்ளை என்ன ஓதியிருக்கிறாள் என்று கேட்டார்.